போட்டோகிராபி டிப்ளமோவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் ஒரு தனியார் போட்டோகிராபி பள்ளியில் ஒரு வருட டிப்ளமோ முடித்து எட்டு மாதம் ஆகிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருப்பதால் பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பிள்ளைகளையும் பெற்றோரையும் போன் போட்டுக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள், அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

எங்களுக்கு திண்டுக்கல் பக்கம். அப்பா ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். போட்டோகிராபிதான் படிப்பேன் என்று நான் பிடிவாதம் பிடித்தபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "சர்டிபிகேட் செல்லுமா?" என்று. அட்மிஷன் மேடம் சிரித்துக்கொண்டே, "சார், யுனிவர்சிட்டி அஃபிலியேஷன் இருக்கு, தம்பி வெளிநாட்டுலகூட மேல படிக்கலாம்" என்றார். வழவழ காகிதத்தில் அச்சடித்த பிரோஷரில் வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரும் சின்னமும் இருந்தன. அப்பா சீட்டு எடுத்துப் பணம் கட்டினார்.

பீஸ் 2,40,000 ரூபாய் என்று சொன்னார்கள். பில் போடும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 2,83,200 ஆகிவிட்டது. அரசாங்க வரிதானே என்று நாங்களும் கேட்கவில்லை. இங்கேதான் கவனிக்க வேண்டும், எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. சட்டப்படி அங்கீகாரம் உள்ள தகுதிக்கான பாடத்திட்டத்துக்குக் கல்வி நிறுவனம் வாங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அங்கீகாரம் இல்லாத தனியார் பயிற்சிக்குத்தான் 18 சதவீதம். அதாவது வாயால் அங்கீகாரம் உண்டு என்று சொல்லிவிட்டு, அது இல்லை என்பதை அவர்களே பில்லில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ரசீது ஒரு வருடமாக எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது.

கடைசியில் கைக்கு வந்த சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. ஏதோ ஒரு டிரஸ்ட் நடத்தும் திறன் கவுன்சில், அசோகச் சின்னம் மாதிரியே தெரியும் ஒரு முத்திரை, கீழே இரண்டு கையெழுத்து. கேட்டால் "அஃபிலியேஷன் ப்ராசஸ்ல இருக்கு தம்பி" என்றார்கள். ப்ராசஸ் முடிய வாய்ப்பே இல்லை. ஒரு மாநிலச் சட்டத்தின் கீழ் வந்த தனியார் பல்கலைக்கழகம் வேறு நிறுவனங்களைத் தன்னோடு இணைத்துக்கொள்ளவே கூடாது, பல்கலைக்கழகங்களை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான யுஜிசியின் 2003ஆம் ஆண்டு விதிமுறை அப்படித்தான் சொல்கிறது. பணம் கட்டும் முன்னால் யுஜிசி இணையதளத்தைப் பத்து நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

சரி, சான்றிதழை விடுங்கள், வேலையாவது கற்றுக்கொண்டோமா என்றால் அதுவும் இல்லை.

எங்கள் பேட்சில் 38 பேர். ஸ்டுடியோவில் ஃப்ளாஷ் லைட் மொத்தம் இரண்டு, அதில் ஒன்று தீபாவளிக்கு முன்பே ட்யூப் போய்விட்டது. சார் வந்து ஒரு லைட்டை வைப்பார், வெளிச்சத்தை மென்மையாக்க லைட்டின்மேல் மாட்டும் சாஃப்ட்பாக்ஸைத் திருப்புவார், கேமராவில் என்ன வைக்க வேண்டும் என்று எண்ணை மட்டும் சொல்வார். கேமராவிலிருந்து ஃப்ளாஷை இயக்கும் டிரிகரைக் கைக்குக் கை மாற்றி 38 பேரும் வரிசையில் நின்று அதே மாடலை அதே இடத்திலிருந்து எடுப்போம். ஆளுக்கு இரண்டு நிமிடம். லைட்டை ஏன் அங்கே வைத்தார், ஒரு அடி பின்னால் நகர்த்தினால் வெளிச்சம் எவ்வளவு குறையும், இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. எல்லோருடைய போர்ட்ஃபோலியோவிலும் ஒரே படம் இருந்தது.

பிலிம் கழுவிப் படம் போடும் டார்க் ரூம் என்று பிரோஷரில் முழுப் பக்கப் படம் போட்டிருந்தார்கள். சாவி இல்லை, சாவி இல்லை என்று நான்கு மாதம் போனது. ஒருநாள் துடைப்பம் எடுக்க அக்கா ஒருவர் அந்தக் கதவைத் திறந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரோரம் நெகட்டிவைப் பெரிதாக்கிப் படம் போடும் என்லார்ஜர் ஒன்று, மேலே பாலித்தீன் உறை, உறைமேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. உறையைத் தூக்கினால் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. டெவலப்பர் ரசாயனம் ஊற்றும் ட்ரேயில் பழைய எக்ஸ்டென்ஷன் வயர்கள் சுருட்டிக் கிடந்தன. பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ வாடை என்று ஒன்று சொல்வார்கள், படம் கழுவும் ரசாயனத்தின் வாடை, வருடக்கணக்கானாலும் அறையை விட்டுப் போகாதாம். அந்த அறையில் பினாயில் வாடைதான் அடித்தது.

படிப்பு முடிந்து இரண்டு வாரத்தில் ஒரு பட்டுப்புடவை கேட்டலாக் ஷூட்டுக்கு உதவியாளாகப் போனேன். கேமராமேன் அண்ணன் நம்பிக்கையோடு ஒரு செட்டை என்னிடம் விட்டார். எடுத்த எல்லாப் படத்திலும் கீழே பட்டையாகக் கறுப்பு. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அண்ணன் வந்து டிஸ்ப்ளேயைப் பார்த்தார், ஷட்டர் 1/320 நொடியில் இருந்தது. "தம்பி, சிங்க் ஸ்பீடு சொல்லித் தரலையா?" என்றார். திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. ஃப்ளாஷோடு எடுக்கும்போது ஷட்டர் போகக்கூடிய அதிகபட்ச வேகம்தான் சிங்க் ஸ்பீடு. என் கேமரா கேனான் 1500டி, அதன் சிங்க் ஸ்பீடு 1/200. ஷட்டரில் திறக்க ஒரு திரை, மூட ஒரு திரை. அதற்கு மேல் போனால் ஃப்ளாஷ் வெடிக்கும் நேரத்தில் ஷட்டரின் இரண்டாவது திரை மூட ஆரம்பித்துவிடும், அந்தத் திரை மறைக்கும் இடம்தான் கறுப்புப் பட்டை. அண்ணன் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். 2,83,200 ரூபாய் வாங்கியவர்கள் ஒரு வருடத்தில் சொல்லாதது.

இன்னொன்று, இதுதான் எனக்குத் தூக்கம் கெட்ட விஷயம். காசிமேட்டில் விடியற்காலை நான் எடுத்த ஒரு படம், ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடிக்கும் ஒரு பாட்டி, அடுத்த வருட அட்மிஷன் விளம்பரத்தில் வந்திருந்தது. என் பெயர் இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி மாணவன் எடுத்த படம் மாணவனுக்குத்தான் சொந்தம், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அந்த உரிமை கைமாறும். நான் கொடுத்திருக்கிறேன். அட்மிஷன் படிவத்தின் நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில். அந்தப் பக்கத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள், கொடுக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆபீஸ் சுவரில் 'மாணவர் படைப்புகள்' என்று மாட்டியிருந்த படங்களில் மூன்றை கூகுள் லென்ஸில் தேடிப் பார்த்தேன். மூன்றும் ஸ்டாக் தளத்தில் விலைக்கு இருக்கிறவை. ஆசிரியர் பட்டியலில் இருந்த பிரபல ஒளிப்பதிவாளர் வருடத்தில் ஒரே நாள், இரண்டு மணி நேரம் வந்தார்.

எங்கே சேரலாம் என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். தரமணியில் எம்ஜிஆர் அரசு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவுக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. ஹைதராபாத்தில் ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் போட்டோகிராபியில் பிஎஃப்ஏ என்ற நுண்கலைப் பட்டப்படிப்பு இருக்கிறது. டிகிரி முடித்தவர்களுக்கு காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்ஐடி) போட்டோகிராபியில் எம்டெஸ் என்ற முதுகலைப் படிப்பு. நுழைவுத் தேர்வு உண்டு, இடம் குறைவு, உண்மைதான். தனியாரில்தான் சேர வேண்டும் என்றால் ஆள் சேர்க்க அவர்களே கூப்பிட்டுச் சுற்றிக் காட்டும் ஓப்பன் டே அன்று போகாதீர்கள். செவ்வாய், புதன் மாதிரி ஒரு சாதாரண நாளில் சொல்லாமல் போய் வகுப்பு நடக்கும்போது பாருங்கள். போன வருடம் முடித்த ஐந்து பேரின் நம்பர் கேளுங்கள், அவர்கள் காட்டும் ஐந்து பேரை அல்ல, வகுப்பு போட்டோவில் நீங்களாகக் கை வைக்கும் ஐந்து பேரை.

முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன், "கோர்ஸ் முடித்துவிட்டார்" என்று பள்ளி ஒரு வரி பதில் அனுப்பியது. அப்புறம்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. பிரோஷர், ரசீது, அந்த மேடம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், இவைதான் என் ஆவணங்கள். மனு போட 2 வருடம்தான் கெடு, எனக்கு முந்தைய பேட்சில் சிலருக்கு அது முடியப் போகிறது. அவர்களில் யாராவது இதைப் படித்தால் போன் மாற்றும் முன் அந்த வாட்ஸ்அப் சாட்டை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். என் மனுவின் நகலைத் தருகிறேன், பெயரையும் தேதியையும் தொகையையும் மாற்றினால் போதும்.