சிலிகோன் கண்டிஷனரை விட்டு ஒன்றரை வருடம்

எங்கள் வீட்டில் குளிக்கிற தண்ணீர் கொல்லையில் உள்ள வாழைக்குத்தான் போகிறது. ஒரு நாள் வாழைத் தூரில் நுரை கட்டி நின்றதைப் பார்த்துவிட்டுத்தான், தலையில் தேய்க்கிற பாட்டில்களின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். கண்டிஷனரில் மூன்றாவது பெயர் டைமெத்திகோன். அதிகம் சேர்த்த பொருளில் தொடங்கி வரிசையாக எழுதுவார்கள் என்பதால், மூன்றாவது என்றால் கணிசமாகவே இருக்கிறது. அது சிலிகோன், லேசில் மக்காது. முன்பக்கத்தில் என்னவோ பச்சை இலைப் படம்தான்.

எனக்கு இடுப்பு வரை முடி. கண்டிஷனர் போடாமல் சிக்கெடுக்க முடியாது. தேடிப் பிடித்தது, முடியை மெத்தென்று ஆக்குகிற எஸ்டர்குவாட் என்ற வேதிப்பொருளும் குவார் பிசினும் சேர்ந்த ஒன்று. குவார் வேறொன்றுமில்லை, நாம் பொரியல் செய்கிற கொத்தவரைதான். ராஜஸ்தானில் விதைப் பிசினுக்காகவே பயிரிடுகிறார்கள். அந்தப் பிசினுக்கு நேர்மின்னூட்டம் ஏற்றிவிடுவதால், எதிர்மின்னூட்டம் உள்ள முடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. எஸ்டர்குவாட் தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அதன் நடுவில் உள்ள எஸ்டர் பிணைப்பை நுண்ணுயிர்கள் சுலபமாக உடைத்துவிடும். செடியிலிருந்து வந்தாலே மக்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பிணைப்புதான் முக்கியம்.

முதல் மாதம் அழுகை வந்தது. சீப்பு பாதியில் நின்றுவிடும், நுனியெல்லாம் தேங்காய் நார் மாதிரி. இத்தனை நாள் சிலிகோன் மூடி வைத்திருந்த வறட்சி அது. நுனியை நான்கு விரல்கடை வெட்டினேன். மூன்றாம் மாதம்தான் கைக்கு மெத்தென்று வந்தது. பழைய வழுவழுப்பு வரவில்லை, ஆனால் முடி கனமில்லாமல் இருக்கிறது, வேரில் பிசுக்கும் சீக்கிரம் சேர்வதில்லை. முடி உதிர்வது அப்படியேதான் இருக்கிறது. அதைக் கண்டிஷனரிடம் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் செம்பருத்தி இலை. இருபது இலையைத் தண்ணீரில் போட்டுக் கையால் கசக்கினால் ஐந்து நிமிடத்தில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று வரும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் வரை தலையிலிருந்து இலைத் துணுக்கு பொறுக்க வேண்டியதுதான். மிஞ்சியதை ஒரு முறை வெளியில் வைத்தேன், மறுநாளே நாறிவிட்டது. அன்றன்றைக்குச் செய்வதுதான் சரி.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இது எதுவும் முழுப் பலன் தராது. கடைசி இரண்டு குவளை மட்டும் நல்ல தண்ணீரில் அலசுகிறேன். ஈர முடியில் சீப்பு தடையில்லாமல் இறங்கியது அப்புறம்தான்.

வாழைத் தூரில் இன்னும் நுரை வருகிறது. அது ஷாம்பூவின் நுரை. அரைக் கிலோ அரப்பு வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் அதற்கு மாறப் போகிறேன்.