சீன வைத்தியம்: தோள் எனக்கு, வயிறு மகனுக்கு

நான் போன சீன வைத்தியக் கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன, அதற்காக ஒருத்தர் பிழைப்பில் மண்ணைப் போடவும் மனசு வரவில்லை. மும்பை, மத்திய ரயில் தடத்தில் காட்கோபருக்கும் முலுண்டுக்கும் நடுவே, ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். இவ்வளவு போதும். போகலாமா வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் மூன்று துண்டாக இருக்கும். வலிக்கு அக்குபங்சர் ஊசி போட்டுக்கொள்ளப் போகலாம். பிள்ளையின் மலச்சிக்கலுக்கு என்றால் இரண்டு மூன்று தடவை போய்த் தேய்க்கிற முறையைக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். கவுண்டரில் எடுத்து நீட்டுகிற உருண்டை மாத்திரையை மட்டும் தொடாதீர்கள்.

எனக்கு இடது தோள். தீபாவளிக்கு மேல்தட்டில் இருந்த முறுக்கு அச்சை எடுக்கக் கையைத் தூக்கினேன், பாதியில் நின்றுவிட்டது. இரண்டு மாதத்தில் லோக்கல் ரயிலில் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை, ரவிக்கைக் கொக்கிக்கு மகளைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் உயிர் போகும். எலும்பு டாக்டர் பார்த்த மாத்திரத்தில் ஃப்ரோசன் ஷோல்டர் என்றார், தோள் மூட்டு இறுகிப்போவது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும், எனக்கு ஏழு வருஷமாகச் சர்க்கரை. உடற்பயிற்சித் தாள் ஒன்று கொடுத்தார், வேண்டுமானால் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார். ஸ்டீராய்டு போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும் என்று அவரே சொன்னதால் யோசித்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு மராத்தி மாமி இந்த இடத்தைச் சொன்னாள்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு பெரிய கறுப்புவெள்ளைப் படம், டாக்டர் கோட்னிஸ். நம் சோலாப்பூர்க்காரர். 1938இல் இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போன ஐந்து டாக்டர்களில் ஒருவர், போர்க்களத்தில் அறுவை சிகிச்சை செய்து 1942இல் அங்கேயே 32 வயதில் இறந்துபோனவர். அவர்தான் அக்குபங்சரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார் என்று வரவேற்பில் இருந்த பெண் எல்லோரிடமும் சொல்கிறாள், அது தப்பு. அவர் திரும்பி வரவே இல்லையே! கொண்டுவந்தவர் அதே ஐவரில் இன்னொருவர், கல்கத்தாவின் டாக்டர் பாசு. சரி, படம் அழகாக இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

வைத்தியர் ஐம்பது தாண்டிய குஜராத்திக்காரர். முதல் தடவை முக்கால் மணி நேரம் பேசினார். எந்த ஸ்பெஷலிஸ்ட்டும் எனக்கு இதுவரை முக்கால் மணி நேரம் கொடுத்ததில்லை. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கம் சித்த வைத்தியரும் மூன்று விரல்தான் வைப்பார், வாதம் பித்தம் கபம் என்பார். இவர் மண்ணீரல், ஈரம், 'சி' ஓட்டம் என்றார், 'சி' என்றால் உடம்புக்குள் ஓடுகிற உயிர்ச்சக்தியாம். எனக்கு இரண்டும் ஒரே அளவுக்குத்தான் புரியும். ஆனால் அடுத்து மூன்று கேள்வி கேட்டார்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, பாதத்தில் மரத்துப்போகிற உணர்வு உண்டா. இந்த மூன்றையும் கேட்காத இடத்தில் ஊசிக்குக் கையை நீட்டாதீர்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று நான் கேட்காமலே சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஏன் என்றால் ஊரில் என் சித்தி மகன் ஒருவன் 'அக்கு ஹீலர்' ஆகியிருக்கிறான். ஊசி கிடையாது, விரலால் ஒரு புள்ளியைத் தொடுவானாம், எல்லா இங்கிலீஷ் மருந்தையும் தூக்கி எறியச் சொல்வானாம், பிள்ளைக்குத் தடுப்பூசியும் வேண்டாமாம். "அக்கா, மெட்ஃபார்மினை நிறுத்து, தொட்டே சரி பண்ணுறேன்" என்று எனக்கே வாட்ஸப்பில் அனுப்பினான். அதுவும் இதுவும் ஒரே பெயரில் ஓடுகின்றன, ஆனால் வேறு வேறு கடை.

ஊசிக்கு வருவோம். ரத்தப் பரிசோதனைக்குக் குத்துகிற ஊசியின் தடிமன் சுமார் 0.8 மில்லிமீட்டர், இது 0.25. கிட்டத்தட்டத் தலைமுடி கொஞ்சம் விறைத்து நின்றால் எப்படியோ அப்படி. மூடிய பாக்கெட்டை என் கண் முன்னால் கிழித்தார், சின்னப் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஊசி, குழாயைத் தோளில் நிறுத்தி விரலால் ஒரு தட்டு. கொசுக்கடி அளவுகூட இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஊசியை லேசாகத் திருகுவார், அப்போது உள்ளே ஒரு கனம், ஒரு மந்தமான இழுப்பு, மின்சாரம் மாதிரி விரல் வரை போகும். அதற்குத்தான் அவர் காத்திருக்கிறார், 'தே சி' என்று பெயராம்.

என்னை அசத்தியது தோளில் போட்டதல்ல. இரண்டாவது தடவை உட்காரவைத்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் சரிபாதியில், முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி நீள ஊசி ஒன்றை இறக்கினார். தோள்வலிக்குக் காலில் ஊசி. திருகிக்கொண்டே "இப்போது கையைத் தூக்குங்கள், மெல்ல, இன்னும்" என்றார். தூக்கினேன். தோள் உயரத்தில் நின்றுகொண்டிருந்த கை காது வரை போனது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியா சந்தோஷமா தெரியவில்லை. அன்று சாயங்காலம் திரும்பக் கீழே இறங்கிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பழைய இடம் வரை இறங்கவில்லை.

இப்போது குறை. ஆறாவது தடவை வைத்தியர் வேறொரு நோயாளியிடம் இருந்தார், உதவிக்கு இருக்கிற பையன்தான் ஊசியை எடுத்தான். இருபது நிமிஷ மணி அடித்து அடித்து ஓய்ந்து, நாற்பதாவது நிமிஷம் வந்தான். அவசர அவசரமாக எடுத்தான், எழுந்து சல்வாரை மேலே இழுத்தேன், கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் சுருக்கென்றது. ஒன்றை விட்டுவிட்டான்! அது வளைந்து துணியோடு மாட்டிக்கொண்டு நிற்கிறது. வைத்தியர் ஓடி வந்தார், மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் குத்தும்போது எத்தனை, எடுக்கும்போது எத்தனை என்று எண்ணி எழுதிவைக்க ஒரு துண்டுச் சீட்டு போதுமே. அன்றிலிருந்து நானே எண்ணுகிறேன். நீங்களும் எண்ணுங்கள், எந்த இடமாக இருந்தாலும்.

கப்பிங் ஒருமுறை செய்தார்கள், கிண்ணத்தைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்சவைப்பது, முதுகில் ஆறு வட்டம், பத்து நாள் போகவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல்காரர் ஃபெல்ப்ஸ் தோளில் பார்த்தோமே, அதே வட்டம்தான். கோவண்டிப் பக்கம் ஹிஜாமா செய்துகொள்கிறவர்களுக்கு இது புதிதல்ல, அதில் கீறி ரத்தம் எடுப்பார்கள், இதில் கீறல் இல்லை. அடித்துப்போட்ட மாதிரி ஒரு தூக்கம் வந்தது, தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாக்ஸா என்று ஒன்று, மாசிபத்திரி வகை இலையைப் பஞ்சாக்கிச் சுருட்டிப் பற்றவைத்துத் தோலுக்கு அருகே காட்டுவது. நம் மரிக்கொழுந்துக்கு உறவுக்காரச் செடி, எரிந்தால் அந்த வாசனை இல்லை, பீடிக் கடை வாசனை. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் சூடு தெரியாமல் போய்விடும் என்று எனக்குக் காலில் காட்டவே இல்லை. நல்லது.

பலித்ததா? பத்துத் தடவை முடிந்தது. லோக்கலில் கைப்பிடியைப் பிடிக்கிறேன், இரவில் தூங்குகிறேன், கொக்கி இன்னும் மகள்தான். ஆனால் இந்தத் தோள் இறுக்கம் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருஷத்தில், சிலருக்கு மூன்று வருஷத்தில், தானாகவே தளரும். கூடவே எலும்பு டாக்டர் கொடுத்த பயிற்சியையும் தினமும் செய்தேன். எது பாதி எது முழுசு என்று எப்படிப் பிரிப்பது? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2007இல் வெளியிட்டார்கள். முறைப்படி ஊசி போட்டவர்களில் சுமார் 48 சதவீதம் பேருக்கு நல்ல குணம். புள்ளியே இல்லாத இடத்தில் மேலாகச் சும்மா குத்தியவர்களில் 44 சதவீதம். மாத்திரை, பயிற்சி என்று வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் 27 சதவீதம். இதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் "அப்போ எங்கே குத்தினாலும் ஒன்றுதானே, நானே குத்திவிடுகிறேன்" என்றார். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். புள்ளியின் மகிமை சந்தேகம்தான், ஆனால் ஒருவர் உட்கார்ந்து கேட்டு, தொட்டுப் பார்த்து, அரை மணி நேரம் அசையாமல் படுக்கவைப்பதில் ஏதோ இருக்கிறது. என் வீட்டில் அரை மணி நேரம் யாரும் என்னைப் படுக்கவிடுவதில்லை.

மகன் கதை வேறு. ஐந்து வயது, மலச்சிக்கல், நாலு நாளைக்கு ஒருமுறைதான் போவான், போகும்போது அழுகை. குழந்தை டாக்டர் தண்ணீர், பழம், சாப்பிட்டதும் பத்து நிமிஷம் உட்காரவைப்பது என்று சொல்லி மருந்தும் கொடுத்திருந்தார், ஓரளவு பரவாயில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி கிடையாது, சின்னப் பிள்ளைகளுக்குக் கைதான் என்றார்கள். த்வய்னா என்று பெயர். ஒரு நேபாளிப் பெண் செய்தாள், தங்கமான கை. டால்கம் பவுடரைத் தொட்டுக்கொண்டு, அவன் ஆள்காட்டி விரலின் ஓரத்தை அடியிலிருந்து நுனிப் பக்கமாக நீவுகிறாள், இருநூறு தடவை. அவன் ஏக், தோன், தீன் என்று மராத்தியில் எண்ணிக்கொண்டே வந்தான், அறுபதில் கணக்கு தப்பிச் சிரித்தான். அப்புறம் வயிற்றில் கடிகாரம் சுற்றுகிற திசையில் உள்ளங்கையால் வட்டம். அப்புறம் இடுப்புக்குக் கீழே நடு எலும்பில் மேலிருந்து கீழாக நீவல், பேதி என்றால் கீழிருந்து மேலாகவாம். கடைசியில் குப்புறப் போட்டு, வால் எலும்பிலிருந்து கழுத்து வரை முதுகுத் தோலை இரண்டு கையாலும் கிள்ளி உருட்டிக்கொண்டே ஏறுவது, மூன்று கிள்ளுக்கு ஒரு இழுப்பு. மாவு பிசைகிற மாதிரி இருக்கும். பையன் நெளிந்தான், அழவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் செய்து காட்டினேன். "ஏட்டி, இதுக்கா ஐநூறு ரூவா குடுத்த? ஒனக்கு நான் வெளக்கெண்ண தொட்டு வயித்துல தேச்சது எல்லாம் மறந்துபோச்சா?" என்றாள். அம்மா சொல்வது நியாயம்தான். உரம் எடுப்பதும் தொக்கம் எடுப்பதும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரலை விடுவது, தலைகீழாகப் பிடிப்பது எல்லாம் இதில் இல்லை, அது எனக்குப் பிடித்தது. மூன்று தடவை போனேன், மூன்றாவது தடவை அந்தப் பெண்ணே என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். இப்போது தினமும் தூங்கும்முன் பத்து நிமிஷம், பவுடருக்குப் பதில் தேங்காயெண்ணெய். இரண்டு நாளைக்கு ஒருமுறை போகிறான். தேய்ப்பாலா, பப்பாளியாலா, டாக்டர் மருந்தாலா, எனக்குத் தெரியாது, மருந்தை நிறுத்தவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், வாந்தி, வயிறு கல் மாதிரி இறுகல் என்றால் தேய்த்துக்கொண்டு உட்காராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாத்திரைதான் எனக்குக் கோபம் வந்த இடம். மூன்றாவது நாள் வரவேற்புப் பெண் ஜிப் பை ஒன்றை நீட்டினாள். உள்ளே மிளகைவிடச் சின்னதாகப் பழுப்பு உருண்டைகள், எனக்கும் பிள்ளைக்குமாம், அவனுக்கு வேளைக்கு எட்டு. பெயர் இல்லை, தயாரித்தவர் இல்லை, காலாவதி தேதி இல்லை, பையின் மேல் ஒரு டிராகன் மட்டும். 900 ரூபாய். என்ன இருக்கிறது என்று கேட்டால் "மூலிகை, சைடு எஃபெக்ட் கிடையாது. சீன மருந்துக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் மேடம்" என்கிறாள். கொடுத்தார்கள், 2015இல், தூ யூயூ என்கிற அம்மாவுக்கு. அவர் பழைய ஏட்டில் இருந்த செடியிலிருந்து மலேரியாவுக்கான ஒற்றைப் பொருளைப் பிரித்தெடுத்தார். பிறகு அதைச் சோதித்து அளவும் கண்டுபிடித்தார்கள். டிராகன் பைக்குள் என்ன இருக்கிறது என்று யார் சோதித்தார்கள்?

மூலிகை என்றால் ஆபத்தில்லை என்பது பொய் என்பதற்குப் பெல்ஜியக் கதை ஒன்று போதும். 1990களின் தொடக்கத்தில் அங்கே எடைகுறைப்புக்குக் கொடுத்த சீன மூலிகைக் கலவையில், ஒரு வேருக்குப் பதிலாகப் பெயர் ஒத்துப்போகிற இன்னொரு வேர் சேர்ந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தால் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது, பலருக்குப் புற்றுநோயும் வந்தது. பழைய சீனக் குழந்தை மருந்துகள் சிலவற்றில் பிள்ளை அமைதியாகத் தூங்கச் சாதிலிங்கம் சேர்ப்பார்கள். சாதிலிங்கம் என்றால் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது, நம் சித்த மருந்திலும் தெரிந்த சரக்குதான். எனக்குச் சர்க்கரை, என் சிறுநீரகம் ஏற்கெனவே கடன்பட்டது. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வைத்தியரிடம் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு "விருப்பம் இருந்தால் மட்டும்" என்றார். ஊசியில் அவ்வளவு நேர்மையாக இருந்த மனுஷன், இதில் வாயை மூடிக்கொண்டார்.

இன்னொன்று, பதிவு. அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக மத்திய அரசு 2019இல் ஏற்றுக்கொண்டது, மகாராஷ்டிரத்தில் அதற்கு முன்பே இதற்கென்று தனிச் சட்டம் போட்டுக் கவுன்சிலும் வைத்திருக்கிறார்கள். பதிவு எண் எங்கே என்று கேட்டால் கோபப்படக் கூடாது, இவர் கோபப்படவில்லை, ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். ஆனால் அந்த உதவிப் பையனுக்கு என்ன தகுதி என்று கேட்டதற்குக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்பதுதான் பதில்.

காசு: முதல் நாள் ஆலோசனைக்கு 1,000, அப்புறம் ஊசி தடவைக்கு 800, பன்னிரண்டு சேர்த்து வாங்கினால் 8,400, பிள்ளைக்குத் தேய்ப்பு 500. வியாழன் விடுமுறை. லிஃப்ட் பாதி நாள் ஓடாது, இரண்டு மாடி, முழங்கால்வலிக்காரர்கள் போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பேக்கேஜ் எடுத்தால் பணம் திரும்பக் கிடைக்காது, அதைப் பணம் கட்டிய பிறகுதான் சொல்கிறார்கள், முதலில் மூன்று தடவை தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். எனக்கு இன்னும் இரண்டு பாக்கி. மதினிக்கு முழங்கால் வலி, அவளை அனுப்பலாமா என்று கேட்டேன், பெயர் மாற்ற முடியாதாம். அடுத்த சனிக்கிழமை நானே போய்ப் படுக்கிறேன், ஊசியை எண்ணிக்கொண்டு.