மாங்கூழ் ஆலைக்கு ஏற்ற பொருள்சார் தரவுத்தளம்: ஆப்ஜெக்ட்ஸ்டோரா, வெர்சன்ட்டா?

கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு மாங்கூழ் ஆலைக்கான மென்பொருளை எழுதியபோது, தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏற்றுமதியான ஒரு டிரம்மைப் பற்றி வாங்குபவர் கேள்வி எழுப்பினால், அது எந்த பேட்ச், அதில் எந்தெந்த லாரிகளில் வந்த பெங்களூரா ரக மாங்காய் கலந்தது, அந்தக் காய்கள் எந்தத் தோப்பில் பறிக்கப்பட்டன என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். தரவை அட்டவணைகளில் வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்திலும் இது இயலும். ஆனால் எங்கள் நிரல் முழுவதும் சி++ மொழியின் வகுப்புகளாக (தரவின் வடிவத்தை வரையறுக்கும் அச்சுகளாக) இருந்ததால், அவற்றை அட்டவணைகளாகப் பிரித்து மீண்டும் கோக்கும் ஓர் அடுக்கைக் காலமெல்லாம் பராமரிக்க நான் விரும்பவில்லை. ஆகவே வகுப்புகளிலிருந்து உருவாகும் பொருள்களை அப்படியே சேமிக்கும் பொருள்சார் தரவுத்தளங்களான ஆப்ஜெக்ட்ஸ்டோரையும் வெர்சன்ட்டையும் ஒப்பிட்டேன்.

ஆப்ஜெக்ட்ஸ்டோர் பக்கங்களை, அதாவது பல பொருள்கள் அடங்கும் நினைவகத் துண்டுகளை, அடிப்படையாகக் கொண்டது. நிரல் ஒரு சுட்டியை (ஒரு பொருளின் நினைவக முகவரியை) பின்தொடரும்போது, அந்தப் பொருள் இருக்கும் பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால், சேவையகம் முழுப் பக்கத்தையும் அனுப்பி நிரலின் மெய்நிகர் நினைவகத்தில் பொருத்திவிடும். அதன்பின் அந்தச் சுட்டி சாதாரண சி++ சுட்டியின் வேகத்திலேயே இயங்கும். ஒருவரே ஒரு வரைபடத்தை நெடுநேரம் திருத்தும் பணிக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை. ஆனால் ஒருவர் மாற்றும் தரவை அதே நேரத்தில் பிறர் தொடாமல் தடுக்கும் பூட்டும் முழுப் பக்கத்துக்கே விழுவதால், பல எடைமேடைகளிலிருந்து ஒரே நேரத்தில் பதிவு செய்யும் ஆலையில் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க நேரிடும்.

வெர்சன்ட் ஒவ்வொரு பொருளுக்கும் மறுபடி பயன்படுத்தப்படாத ஓர் அடையாள எண்ணைத் தருகிறது. இதில் பூட்டு விழுவதும் தனித்தனிப் பொருளுக்குத்தான். வினவலைச் சேவையகமே நிறைவேற்றி, தேவையான பொருள்களை மட்டும் அனுப்புகிறது. சுட்டியைத் தொடரும் வேகத்தில் இது சற்றுப் பின்தங்கும்.

இவை எல்லாவற்றையும்விட என் முடிவைத் தீர்மானித்தது வகுப்பு மாற்றம். மாம்பழப் பருவத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். அதன் நடுவேதான் புதிய வாங்குபவர் ஒருவர், பிரிக்ஸ் அளவோடு (கூழின் இனிப்பைக் காட்டும் அளவு) இன்னொரு சோதனை முடிவையும் ஒவ்வொரு பேட்ச்சிலும் பதியுமாறு கேட்பார். ஆப்ஜெக்ட்ஸ்டோரில் வகுப்பின் வடிவத்தை மாற்றினால், ஏற்கெனவே சேமித்த பொருள்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். தரவு பெருகப் பெருக அந்த நேரமும் நீளும். வெர்சன்ட்டிலோ வகுப்பின் வரையறை மட்டும் உடனே மாறும். பழைய பொருள் ஒவ்வொன்றும் அடுத்த முறை எடுக்கப்படும்போதே புதிய வடிவம் பெறும். நிரலை மீண்டும் தொகுத்து இயக்குவதற்கான சிறு இடைவெளி போதும். பல ஆண்டு பேட்ச்கள் மாறி முடியும்வரை ஆலை காத்திருக்க வேண்டியதில்லை. புதிய புலம் சேர்ப்பதற்கு இது பொருந்தும். ஒரு வகுப்பு இன்னொன்றின் பண்புகளைப் பெறும் மரபுவழியின் நடுவே புதிய வகுப்பைச் செருகுவது இவ்வளவு எளிதன்று.

ஜெம்ஸ்டோன் என்ற மற்றொரு பொருள்சார் தரவுத்தளத்தைச் சோதனை அளவில் மட்டுமே இயக்கிப் பார்த்தேன். அதில் ஒரே வகுப்பின் பழைய, புதிய பதிப்புகள் அருகருகே வாழ்வது மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் அது ஸ்மால்டாக் மொழியைச் சார்ந்தது. ஓசூர் வரை தேடினும் அம்மொழி அறிந்தவரை நிலையாக அமர்த்துவது கடினம் என்று விட்டுவிட்டேன்.

வெர்சன்ட்டைத் தேர்ந்தெடுத்ததில் ஓர் அச்சமும் உண்டு. பொருள்சார் தரவுத்தளங்களுக்கான பொது விதிகளாகிய ஓடிஎம்ஜி தரம் 2000-இல் வெளியான 3.0 பதிப்போடு நின்றுவிட்டதால், ஒரு தயாரிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது பெரும்பணி. வெர்சன்ட் நிறுவனமே 2012-இல் ஆக்டியன் என்ற மற்றொரு மென்பொருள் நிறுவனத்தின் வசம் சென்றது. ஆகவே பருவம் முடிந்ததும் தோப்பு, லாரி, பேட்ச், டிரம் ஆகிய நான்கையும் அவற்றின் இணைப்புகளோடு எளிய உரைக் கோப்புகளாக எடுத்து வைக்கிறோம்.