நாற்காலியில் யார்: கேம் எழுதியவரா, கணக்குப் பார்த்தவரா?

2002-இல் ஹிரோஷி யமவுச்சி ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் தலைவர் பதவியிலிருந்து இறங்கியபோது, நிறுவனத்துக்குள் இரண்டு பெரிய டெவலப்பர்கள் இருந்தார்கள். ஒருவர் ஷிகெரு மியாமோட்டோ. டாங்கி காங், மாரியோ, செல்டா போன்ற கேம்களால் அந்த நிறுவனத்துக்கே முகம் கொடுத்தவர், 1977 முதல் அங்கேயே இருப்பவர். இன்னொருவர் சதோரு இவாட்டா. அவர் நிண்டெண்டோவில் சேர்ந்து இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. மியாமோட்டோவும் நிர்வாகக் குழுவில் இருந்தார், ஆனால் தலைவர் நாற்காலி இவாட்டாவுக்குத்தான் போனது.

திறமையான கேம் டெவலப்பர் நல்ல நிர்வாகி ஆவாரா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தத் தேர்வுதான். திறமையை மட்டும் பார்த்திருந்தால் மியாமோட்டோவை யாரும் தாண்டிப் போயிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு பேருடைய திறமையும் ஒரே ஜாதி இல்லை. மியாமோட்டோ பாதி முடிந்த கேமையும் பிடிக்காவிட்டால் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிடுவார். சாப்பாட்டு மேசையைக் கவிழ்ப்பது என்று ஜப்பானில் இதற்கு ஒரு பெயரே உண்டு. கேமுக்கு அது வரம். இருநூறு பேருக்குச் சம்பளம் போட வேண்டிய மாதத்தில் அதே பழக்கம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவாட்டாவின் கை வேறு மாதிரி. 1990-களின் தொடக்கத்தில் அவர் வேலை பார்த்த ஹால் லேபரட்டரி என்ற கேம் நிறுவனம் சுமார் 150 கோடி யென் கடனில் மூழ்கிக் கிடந்தது. உதவி செய்கிறேன், ஆனால் இவாட்டா தலைவராக வேண்டும் என்று யமவுச்சி நிபந்தனை போட்டார். அப்போது இவாட்டாவுக்கு 33 வயது, நிர்வாகம் படித்தவரும் இல்லை. அவர் முதலில் செய்தது ஊழியர்கள் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துப் பேசியது. அப்புறம் வருடத்துக்கு இரண்டு முறை அதையே வழக்கமாக்கிக்கொண்டார். ஆறேழு வருடத்தில் கடன் அடைந்தது.

அதே காலத்தில் 'மதர் 2' என்ற கேம் நான்கு வருடமாக இழுத்துக்கொண்டு முடியாமல் கிடந்தது. இவாட்டா போய் அதன் புரோகிராம் கோடைப் பார்த்தார். இருப்பதை வைத்துச் சரிசெய்தால் இரண்டு வருடம் ஆகும், புதிதாக எழுத விட்டால் அரை வருடத்தில் முடியும் என்றார். புதிதாகத்தான் எழுதினார்கள். 1994-இல் கேம் வெளிவந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய வேகம் அல்ல. வேறொருவர் எழுதிய குழப்பத்துக்குள் இறங்கி, இது எங்கே சிக்கிக்கொண்டது என்று பொறுமையாகத் தேடும் குணம்தான். ஊழியர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசியதும் அதே வேலைதான். கோடில் பக், அதாவது பிழை, தேடியவர் நிறுவனத்திலும் பக் தேடினார்.

நிண்டெண்டோவின் தலைவரான பிறகு அவர் கொண்டுவந்த கேம் கருவிகளில் டிஎஸ் 15 கோடியைத் தாண்டி விற்றது, வீ 10 கோடியைத் தாண்டியது. தோற்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2011-இல் வந்த 3டிஎஸ்ஸின் விலையைச் சில மாதங்களிலேயே பெரிதாகக் குறைக்க வேண்டி வந்தது. வீ யூ வெறும் 1.35 கோடியோடு நின்றுபோனது. நிறுவனம் தொடர்ந்து மூன்று வருடம் செயல்பாட்டு நஷ்டம் காட்டியது. ஆனால் 2011-இலும் 2014-இலும் அவர் தன் சம்பளத்தைத்தான் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஆட்குறைப்பு செய்யலாமே என்ற பேச்சு வந்தபோது, எப்போது வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் மக்களை அசத்தும் கேம் செய்ய முடியாது என்ற பொருளில் பங்குதாரர்களிடம் நேராகவே பதில் சொன்னார். கேம் எப்படிப் பிறக்கிறது என்பதை உடம்போடு அறிந்தவர் வாயில்தான் அந்தப் பதில் வரும். ஒரு டெவலப்பரை மேலே வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். டூம் (1993), குவேக் (1996) என்ற இரண்டு கேம்களையும் உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ, இட் சாஃப்ட்வேரை விட்டு வெளியே வந்து 1996-இல் ஐயன் ஸ்டார்ம் என்ற நிறுவனத்தைச் சிலரோடு சேர்ந்து தொடங்கினார். அவருடைய கொள்கை ஒரே வரி: வடிவமைப்புதான் சட்டம். டாலஸ் நகரில் வானளாவிய கட்டடம் ஒன்றின் உச்சித் தளத்தில் அலுவலகம் எடுத்தார்கள். மேலே கண்ணாடிக் கூரை. பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் டெக்சஸ் வெயில் அப்படியே திரையில் விழுந்ததால் வேலை செய்பவர்களுக்கு மானிட்டரில் எதுவும் தெரியவில்லை. கடைசியில் தங்கள் இருக்கைகளுக்கு மேல் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு அந்த இருட்டுக்குள் உட்கார்ந்து கேம் செய்தார்கள். அந்தக் கறுப்புத் துணிதான் எனக்கு முழுக் கதையையும் சொல்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது, அங்கே உட்கார்ந்து தினமும் எட்டுப் பத்து மணி நேரம் திரையைப் பார்க்கப்போகிறவரை யாரும் நினைக்கவில்லை.

1997 கிறிஸ்துமஸுக்கு என்று திட்டமிட்ட ரொமேரோவின் கேம் டைகட்டானா 2000-இல்தான் வந்தது. நடுவில் கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளான என்ஜினை மாற்றினார்கள், முக்கியமான ஆட்கள் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். 2001-இல் டாலஸ் அலுவலகம் மூடப்பட்டது. ஆனால் அதே நிறுவனத்தின் ஆஸ்டின் கிளையில் வாரன் ஸ்பெக்டர் தலைமையில் ஒரு குழு 2000-இல் டியஸ் எக்ஸை முடித்துக் கொடுத்தது. இன்றைக்கும் கொண்டாடப்படும் கேம் அது. ஒரே நிறுவனம், ஒரே பணம், இரண்டு பக்கமும் டெவலப்பர்தான் தலைமை. ஆகவே டெவலப்பரை மேலே வைத்ததுதான் தப்பு என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது.

ஹிரோனோபு சகாகுச்சியையும் இங்கே சேர்க்கலாம். ஃபைனல் ஃபேண்டஸி என்ற கேம் வரிசையைப் படைத்தவர், ஸ்கொயர் என்ற ஜப்பானிய கேம் நிறுவனத்தில் மேல்மட்ட நிர்வாகி ஆனார். அவர் இயக்கிய திரைப்படம் 2001-இல் பெரும் நஷ்டமாகி, அவர் நிறுவனத்தை விட்டே போகும் நிலை வந்தது. தன் கனவையும் நிறுவனத்தின் பணப்பெட்டியையும் ஒரே கையில் வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்ல ஆள் இருக்காது.

அப்படியானால் கணக்குக்காரரை உட்கார வைப்பது மேலா? 2015 ஜூலையில் இவாட்டா 55 வயதில் காலமானார். அடுத்து வந்த தட்சுமி கிமிஷிமா, சான்வா வங்கியில் 27 வருடம் இருந்தவர். கேம் எதுவும் செய்ததில்லை. அவர் காலத்தில்தான், 2017 மார்ச்சில், ஸ்விட்ச் என்ற கேம் கருவி வந்தது. பிறகு அது 15 கோடியைத் தாண்டி விற்றது. இதை வைத்து வங்கிக்காரர் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்விட்ச் இவாட்டா காலத்திலேயே வேலை தொடங்கி, 2015 மார்ச்சில் அவர் வாயாலேயே அறிவிக்கப்பட்டது. கிமிஷிமா செய்த பெரிய காரியம் வேறு. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் விட்டார். மியாமோட்டோவுக்கும் வன்பொருள் பக்கம் கென்யோ டகேடாவுக்கும் தலைவருக்கு வழிகாட்டும் தனிப் பதவிகள் உருவாக்கப்பட்டன. மியாமோட்டோ ஆட்களையும் கணக்கையும் கட்டி மேய்க்காமல் கேம் பக்கமே இருக்க முடிந்தது. மூன்றே வருடத்தில் கிமிஷிமா இளையவரான ஷுன்டாரோ ஃபுருகாவாவிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே என் கணக்கில் வரிசை இப்படி: அடுத்தவர் வேலையைப் படித்துச் சரிசெய்யும் டெவலப்பர் முதலில், தன் எல்லை தெரிந்த கணக்குக்காரர் இரண்டாவது, தன் கற்பனையே உலகம் என்று இருக்கும் மேதை கடைசியில். ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற கேம் நிறுவனத்தில் ஹிடெட்டாகா மியாசாகி 2014 முதல் தலைவராக இருந்துகொண்டே எல்டன் ரிங் என்ற கேமை இயக்கினார், அதனால் மேதைக்கு இடமே இல்லை என்று அடித்துச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு மென்பொருள் அலுவலகத்திலும் எங்கள் குழுவின் மிகச் சிறந்த கோடரை மேனேஜர் ஆக்கினார்கள். அவர் ராத்திரி உட்கார்ந்து எங்கள் கோடை எல்லாம் தானே திருத்தி எழுதிவைப்பார், எது தப்பு என்று யாரிடமும் சொல்ல மாட்டார். ஆறு மாதத்தில் குழுவே கலைந்தது, அவரும் போய்விட்டார். அவருக்கு நடந்தது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவருக்குத் தேவைப்பட்டது நல்ல சம்பளமும் கடினமான கோடும். அலுவலகத்தில் அதிகச் சம்பளத்துக்கு மேனேஜர் பதவியைத் தவிர வேறு வழியே இல்லாமல் இருந்தது.

ரொமேரோ 2019-இல் டூமுக்காகப் புதிதாக ஒன்பது லெவல்களைத் தன் கையால் வடிவமைத்து வெளியிட்டார். விளையாடிப் பார்த்தால் தெரியும், அந்தக் கைக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.