ஆட்டோபைலட் பம்ப் போய்விட்டது என்று யார் சொன்னாலும் உடனே காசை நீட்டாதீர்கள் – 2,400 டாலர் தொலைத்தவன் சொல்கிறேன்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நங்கூரம் போட்டு ஐந்து நாள் ஆகிறது, உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. 26 மணி நேரம் நானும் மனைவியும் மாறி மாறிக் கையாலேயே சுக்கான் பிடித்து வந்து சேர்ந்தோம். படகைத் தானாகத் திருப்புவதற்காக 2,400 டாலர் கொடுத்து வாங்கிய ஆட்டோபைலட் பம்ப் அத்தனை நேரமும் கீழே சும்மா உறுமிக்கொண்டு கிடந்தது.

பெயர் சொல்லப் போவதில்லை. படகு மெக்கானிக்குகளைத் தேடிப் பிடித்துத் தரும் ஆன்லைன் தளம் ஒன்று, அதன் வழியாக வந்த ஒரு ரிப்பேர் பட்டறை. அவ்வளவு போதும். நடந்ததைச் சொல்லிவிட்டு, நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது 40 அடி பாய்மரப் படகு, ஓட்டுகிற இடமான காக்பிட் நடுவில் இருக்கும். சக்கரத்துக்கும் சுக்கானுக்கும் இடையே கேபிள் கிடையாது, எல்லாம் ஆயில்தான். சக்கரத்துக்குப் பின்னால், அதைச் சுற்றினால் ஆயிலைத் தள்ளும் ஹெல்ம் பம்ப். அதிலிருந்து இரண்டு ஹோஸ் பின்பக்கம் போய், சுக்கானைத் தள்ளும் சிலிண்டரில் சேரும். ஒன்றில் ஆயில் போனால் வலது, மற்றதில் போனால் இடது. ஆட்டோபைலட்டின் 12 வோல்ட் பம்ப் இந்த இரண்டு ஹோஸிலும் T வடிவ இணைப்பு போட்டு நடுவில் நுழைகிறது. அது தள்ளும் ஆயில் சிலிண்டருக்குத்தான் போக வேண்டும், சக்கரத்தின் பக்கம் திரும்பக் கூடாது. அந்த வழியை அடைக்க ஹெல்ம் பம்புக்குள்ளேயே பக்கத்துக்கு ஒரு செக் வால்வ், அதாவது ஆயிலைத் திரும்ப விடாத வால்வ், உண்டு. ஒரு சின்ன ஸ்டீல் குண்டு, அதை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் காசு முழுக்க அந்தக் குண்டுக்கு அடியில்தான் போனது.

பிரச்சினை இப்படித் தொடங்கியது. ஆட்டோபைலட்டைப் போட்டால் இடது பக்கம் ஒழுங்காகத் திரும்பும். வலது பக்கம் போகச் சொன்னால் பம்ப் விடாமல் ஓடும், சுக்கான் ஆடி அசைந்து கொஞ்சமாக நகரும், கடைசியில் திரையில் எச்சரிக்கை கத்தும். அந்த நேரத்தில் சக்கரம் தானாக, மெதுவாக, யாரும் தொடாமல் சுற்றும். நான் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பம்ப் ஓடும்போது அதன் முனையிலேயே 12.2 வோல்ட் இருந்தது, ஆக ஒயரில் குறையில்லை. அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. தளத்தில் பதிவு போட்டேன், மறுநாளே ஆள் வந்துவிட்டார்.

இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது, ஆனால் அந்த ஆளை நம்பாமல் இருக்க முடியாது. ஐம்பது வயது இருக்கும். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு ஏறினார். பை திறந்ததும் முதலில் எடுத்தது ஸ்பானர் இல்லை, ஒரு பழைய ரப்பர் விரிப்பு. அதை என் மரத்தரையில் விரித்து, அதன் மேல்தான் கருவிகளை வைத்தார். ஹெல்ம் மூடியைத் திறந்து, விரலில் ஒரு சொட்டு ஆயில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், வெள்ளைத் துணியில் துடைத்தார். “ஆயில் சுத்தமா வச்சிருக்கீங்க சார், நிறைய பேர் இதைக் கவனிக்கறதே இல்லை” என்றார். நான் அங்கேயே விழுந்துவிட்டேன். என் 12.2 வோல்ட் கணக்கைச் சொன்னதும், “பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க. கரண்ட் சரியா வருதுன்னா பம்ப்தான். உள்ளே கியர் தேஞ்சு போச்சு” என்றார்.

அப்போது என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். “பம்ப் தேஞ்சு போச்சுன்னா, இந்தச் சக்கரத்தை யாருங்க சுத்துறா?”

ஒரு நொடி அமைதி. பிறகு அவர் சிரித்துக்கொண்டே, “அது பேக் பிரஷர்மா” என்றார். நானும் தலையாட்டினேன். பேக் பிரஷர் என்றால் என்ன பேக் பிரஷர், எங்கிருந்து எங்கே போகிற பிரஷர் என்று கேட்கத் தோன்றவில்லை. படகில் எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு ஒன்று இருக்கிறது பாருங்கள்! அந்தக் கேள்வியிலேயே மொத்த விடையும் இருந்தது. சக்கரம் சுற்றுகிறது என்றால் பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது என்று அர்த்தம். தள்ளிய ஆயில் போகக் கூடாத வழியில் போகிறது, அவ்வளவுதான். தவிர, கியர் தேய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் சோர்ந்திருக்க வேண்டும். எனக்கு வலது பக்கம் மட்டும்தான் தகராறு.

புது பம்ப் வாங்கினால் இதைவிட அதிகம் ஆகும், தொழிற்சாலையிலேயே பிரித்துச் சேர்த்த ரீபில்ட் பம்ப் ஒன்று பட்டறையில் இருக்கிறது, மாட்டுக்கூலியோடு 2,400 டாலர், முன்பணமாகக் கொடுத்தால் எனக்காக எடுத்து வைக்கிறேன் என்றார். கொடுத்தேன், தளத்தின் வழியாக, முழுசாக. பழைய பம்பைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போனார். ஹோஸ் முனைகளை மட்டும் ஒழுங்காக அடைத்துவிட்டுப் போனார். அந்த நேர்த்தியிலும் மயங்கினேன்.

அந்த வாரம் நடுவில் ஒரு நாள் படகை வேறு இடத்துக்கு மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் போகும்போது தண்ணீர் சுக்கானை மோதித் தள்ளும், தெரியும்தானே. சக்கரத்தை விட்டுக் கயிறைப் பிடிக்கத் திரும்பினேன், சக்கரம் விர்ரென்று சுற்றி முழங்கையில் அடித்தது. நல்ல ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் சுக்கான் சக்கரத்தைத் திருப்பவே முடியாது, செக் வால்வ் பிடித்துக்கொள்ளும். அப்போது படகில் ஆட்டோபைலட் பம்பே இல்லை! ஹோஸ் அடைத்துக் கிடக்கிறது! அப்படியும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உள்ளே காற்று புகுந்திருக்கும் என்று.

பம்ப் வந்தது. பளபளவென்று சாம்பல் நிறப் பெயின்ட். மாட்டினார், ஆயில் ஊற்றினார், சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்லிக் காற்றை எடுத்தார். கட்டிய இடத்திலேயே ஆட்டோபைலட்டைப் போட்டுக் காட்டினார். வலது, இடது, இரண்டும் ஜோராகத் திரும்பியது. திரும்பாமல் என்ன செய்யும்? நிற்கிற படகில் சுக்கானுக்குப் பாரமே கிடையாது. ஆயில் சுலபமான வழியில்தான் ஓடும், அப்போது சுலபமான வழி சிலிண்டர். ஓடுகிற படகில் தண்ணீர் எதிர்த்து நின்றால்தான் வால்வின் ஓட்டை தெரியும். “பழைய பம்ப் எங்கே?” என்று கேட்டேன். “அதை ஸ்கிராப்ல போட்டாச்சு சார், ஒண்ணுக்கும் உதவாது” என்றார். போனை எடுத்து, தளத்தில் ‘வேலை முடிந்தது’ பொத்தானை அமுக்கச் சொன்னார். “இப்பவே அமுக்கிட்டீங்கன்னா எனக்குப் பணம் ரிலீஸ் ஆகிடும்.” அமுக்கினேன்.

காற்று தோதாக வர ஒன்பது நாள் காத்திருந்து கிளம்பினோம். ஆறாவது மணி நேரத்தில், பின்பக்கம் அலை ஏறியதும், அதே கதை. இடது சரி, வலது இல்லை. சக்கரம் பேய் பிடித்த மாதிரி தானாகச் சுற்றியது. அதற்குப் பிறகு கையில் கொப்புளம் வந்த கதையை மேலே சொல்லிவிட்டேன். அதிலும் வால்வ் பிடிக்காத சக்கரத்தை ஒரு நிமிடம்கூட விட முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு மனைவி என்னை எழுப்பவில்லை, தன் முறை முடிந்தும் நாற்பது நிமிடம் கூடப் பிடித்திருக்கிறாள். அதைக் காலையில்தான் சொன்னாள்.

சிக்னல் வந்ததும் பட்டறைக்குப் போன். முதல் நாள் பதில்: “காத்து இருக்கும் சார், இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க.” எடுத்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டாம் நாள்: “புது சீல் சார், பத்து மணி நேரம் ஓடினா செட் ஆகும்.” இருபத்தாறு மணி நேரம் ஓடிவிட்டதய்யா என்றேன். மூன்றாம் நாள் குரலே வேறு: “உங்க ஹெல்ம் பழசு. நாங்க பம்புக்குத்தான் கேரண்டி.” நான்காம் நாள் முதல் போன் எடுப்பதில்லை. மெசேஜைப் பார்த்த அடையாளம் மட்டும் விழுகிறது.

தளத்தில் கேட்டால், நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்து வைக்கிறோம், வேலையின் தரம் உங்கள் இருவருக்கும் இடையில் உள்ளது என்கிறார்கள். முடிந்தது என்று அமுக்கிய ஏழு நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். நான் ஒன்பது நாள் காற்றுக்காகக் காத்துக் கிடந்தேனே! அதை விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று வந்தது, புகாரை மூடிவிட்டார்கள். 2,400 டாலருக்கு ஒரு நன்றி.

“ஹெல்ம் பழசு” என்று அவன் வாயாலேயே வந்ததல்லவா, நானே ஹெல்ம் பம்பைக் கழற்றினேன். வலது பக்க வால்வின் மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை எடுத்தேன், குண்டைக் காந்தத்தால் தூக்கினேன். குண்டு உட்காரும் விளிம்பில் வெள்ளையாக, நகம் வெட்டிப் போட்ட துண்டு அளவுக்கு ஒரு இழை. டெஃப்ளான் டேப். இதில் என் பங்கும் உண்டு, மறைக்கவில்லை. இரண்டு வருடம் முன்னால் ஹோஸ் மாற்றும்போது கசிவுக்குப் பயந்து, குழாய்க்குச் சுற்றுவதுபோல் நான்தான் சுற்றினேன். ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் அந்த டேப் சுற்றவே கூடாது, பிசிறு கிழிந்து ஆயிலோடு போய் வால்வில் உட்காரும். இழையை எடுத்தேன், சுத்தமான ஆயிலில் கழுவினேன், திரும்ப மாட்டிக் காற்றை எடுத்தேன். சக்கரம் கல் மாதிரி நின்றது. ஆட்டோபைலட் இரண்டு பக்கமும் பிசகில்லாமல் திருப்பியது. செலவு ஒன்றுமில்லை, ஒரு காலைப் பொழுது.

அத்தோடு விட்டிருப்பேன். பட்டறைக்காரனுக்குத் தெரியவில்லை, தப்பாகக் கணித்துவிட்டான், போகட்டும் என்று. ஆனால் பம்பைத் துடைக்கும்போது மோட்டார் மூடியில் பெயின்டுக்கு அடியில் ஒரு நீளக் கீறல் தெரிந்தது. மூன்று வருடம் முன்னால், மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் மாற்றும்போது என் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல் அதே இடத்தில்தான். அன்று ஒரு ஸ்க்ரூ கடலில் விழுந்து, பதிலுக்கு ஒரு பித்தளை ஸ்க்ரூ போட்டிருந்தேன். நான்கில் மூன்றாவதை நகத்தால் சுரண்டினேன். சாம்பல் உரிந்தது, மஞ்சள்.

மூடியைத் திறந்தேன். என் அசட்டுச் சால்டரிங் அப்படியே இருந்தது. என் பம்பையே பெயின்ட் அடித்து எனக்கே விற்றிருக்கிறான், 2,400 டாலருக்கு. நல்ல பம்ப், ஒரு குறையும் இல்லாத பம்ப்! போதாததற்கு எல்லா ஜாயின்டிலும் புதிதாக வெள்ளை டேப் வேறு சுற்றி வைத்திருக்கிறான். ஆயில் டப்பாவில் சிவப்பு நிறம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றியிருக்கிறான்.

போட்டோ எல்லாவற்றையும் தளத்துக்கு அனுப்பினேன். “இந்தப் புகார் ஏற்கெனவே மூடப்பட்டது.”

விரிவாக எழுதுகிறேன் என்றேன். முடியவில்லை, திரும்ப எழுத எழுத ரத்தம் கொதிக்கிறது. நினைவுக்கு வருவதை மட்டும் சொல்கிறேன்.

கையில் இருக்கும் பம்பைக் கழற்றி யாரிடம் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு அடையாளம் கீறுங்கள். மாற்றினால் பழையது என் கையில் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பம்ப் ஓடி, சுக்கான் நகராமல் சக்கரம் சுற்றினால் ஹெல்ம் செக் வால்வைப் பாருங்கள். ஆட்டோபைலட் ஹோஸ்களில் அடைப்பு வால்வ் இருந்தால் இரண்டையும் மூடிவிட்டுக் கையால் ஓட்டிப் பாருங்கள். மூடியதும் சக்கரம் இறுகினால் தப்பு ஆட்டோபைலட் பம்ப் பக்கம், மூடியும் அப்படியே நழுவினால் ஹெல்மோ சிலிண்டரோ. மோட்டாரே சுற்றவில்லை என்றால் முதலில் வோல்ட், பிறகு கார்பன் பிரஷ்.

சக்கரம் ஸ்பிரிங் மாதிரி துள்ளினால் காற்றைச் சந்தேகியுங்கள். எல்லாவற்றுக்கும் காற்று என்று சொல்கிறவனிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கட்டிய இடத்தில் சோதித்துவிட்டுப் பொத்தானை அமுக்காதீர்கள். வெளியே ஓட்டிப் பார்த்துவிட்டு அமுக்குங்கள்.

சிவப்பு ஆயில் அவசரத்துக்கு ஓடும், ஆனால் வடித்துவிட்டு மெல்லிய ஸ்டியரிங் ஆயிலை ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஊற்றவே ஊற்றாதீர்கள், சீல் எல்லாம் ஊதிப்போகும்.

எனக்கும் அந்த வேலை பாக்கி இருக்கிறது. நாளைக்குக் காலையில் ஒவ்வொரு ஜாயின்டாகப் பிரித்து அவன் டேப்பையும் என் டேப்பையும் உரிக்க வேண்டும்.