சிறுதட்டு ஆட்டும் பெட்டி: கச்சான் காற்றுக் காலத்துக்குத் தாக்குப்பிடிக்குமா?

குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) நிரப்பிய 48 பைகள் கொள்ளும் மேசை வகைப் பெட்டி, உள்ளே ஆட்டி, சுற்றிக் குளிரூட்டும் உறை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் குருதி வங்கிக்கு வாங்கலாம். விற்க வருபவர் பெருமையாகச் சொல்லும் ஆட்டக் கணக்கில் மயங்க வேண்டாம். நிமிடத்துக்கு 60 முதல் 70 தடவை, பக்கவாட்டில் ஏறத்தாழ 4 செ.மீ. என்பது பெரும்பாலான மொடல்களுக்குப் பொது. பார்க்க வேண்டியது குளிரூட்டியையும் பற்றரியையும்.

சிறுதட்டுகள் பைக்குள்ளும் உயிரோடுதான் இருக்கின்றன, குளுக்கோசைத் தின்றுகொண்டு. ஒட்சிசன் கிடைத்தால் அதைக் காபனீரொட்சைட்டு வரை எரிக்கும். கிடைக்காவிட்டால் ஒரு குளுக்கோசு மூலக்கூறுக்கு இரண்டு இலற்றிக் அமிலம். பிளாஸ்மாவில் (பைக்குள் இருக்கும் குருதித் திரவத்தில்) உள்ள இருகாபனேற்று உப்பு அந்த அமிலத்தைச் சில நாள் தாங்கும். அது தீர்ந்ததும் பிஎச் (அமிலம் கூடக் குறையும் அளவு) மளமளவென்று இறங்கும். 6.2க்குக் கீழே போனால் தட்டை வடிவம் உருண்டையாகிவிடும், பிறகு மீளாது. பையின் சுவர் வழியே வரும் ஒட்சிசனை எல்லாவற்றுக்கும் கொண்டு சேர்க்கத்தான் இந்த ஆட்டமெல்லாம். ஆகவே ட்ரேயில் ஒரே அடுக்கு. ஒன்றன்மேல் ஒன்று போட்டாலோ பெரிய லேபல் ஒட்டினாலோ சுவர் அடைபடும்.

சிறுதட்டின் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகை உதிர்வதை எந்தப் பெட்டியாலும் நிறுத்த முடியாது. அடியிலுள்ள கலக்டோசு வெளித் தெரிந்ததும் ஏற்றிய பிறகு நோயாளியின் ஈரல் அந்தச் சிறுதட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். பையை 5 நாள்தான் வைக்கலாம் என்ற எல்லையோ பக்டீரியாவுக்குப் பயந்து வைத்தது: அமெரிக்காவில் 1984இல் 7 நாளாக்கி, 1986இல் மறுபடி 5க்கே இறக்கினார்கள்.

வேண்டிய வெப்பநிலை 20 முதல் 24 பாகை. கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று அடிக்கும் மாதங்களில் ஏசி இல்லாத அறையில் கம்பிரசர் ஓயாமல் ஓடும். கல்லடி மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்று கொண்டென்சர் தகடுகளை அரிக்கும். மாதமொருமுறை துடையுங்கள், சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள்.

பெரிய குறை பற்றரி. பல மொடல்களில் அது அலாரத்துக்கும் திரைக்கும் மட்டுமே. கரண்ட் போனால் ஆட்டியும் குளிரூட்டியும் நின்றுவிடும். ஜெனரேட்டர் லைனில் போடாமல் வாங்கவே கூடாது. கரண்ட் இல்லையென்று பைகளைப் பிரிட்ஜில் வைப்பது அதைவிடப் பெரிய பிழை: குளிர்பட்ட சிறுதட்டு உருமாறி, ஏற்றிய உடம்பில் வெகு சீக்கிரம் அகற்றப்படும். ஆட்டம் மொத்தமாக 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது.

பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பையே சொல்லும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். நல்ல சிறுதட்டு சாம்பிராணிப் புகைபோல மினுமினுத்துச் சுழலும். உருண்டையானது கழுநீர்போல மந்தமாகக் கிடக்கும்.

காசு கட்ட முன், தண்ணீர் நிரப்பிய பைகளை எல்லா ட்ரேயிலும் போட்டு, மேல் ட்ரேயிலும் கீழ் ட்ரேயிலும் தனித்தனி வெப்பமானி வைத்து, மத்தியானம் 2 மணிக்கு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று 24ஐத் தாண்டினால் உள்விசிறி போதாது.