உறைநிலைக் குப்பியில் வரும் கல்லீரல் சைனுசாய்டு செல்கள்: செப்சிஸ் சோதனைக்கு வாங்கலாமா?

சுண்டெலியின் கல்லீரல் சைனுசாய்டுகளிலிருந்து (கல்லீரலுக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள்) பிரித்தெடுத்து உறைய வைத்த உட்சுவர் செல்களை எங்கள் செப்சிஸ் (தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் பழுதாகும் நிலை) சோதனைகளுக்காக இதுவரை மூன்று முறை வாங்கியிருக்கிறோம். விற்பனை நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

சிரைச் செல்களைக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலைத் தொட்டு, போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. அந்த ரத்தத்தில் கலந்துவரும் பாக்டீரியாவைப் பிடித்து விழுங்கும் பெருமை குப்ஃபர் செல்களுக்கு (கல்லீரலில் தங்கியிருக்கும் விழுங்கு செல்கள்) போய்விடுகிறது. ஆனால் 200 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களையும் கரைந்த கழிவுகளையும் ஸ்டாபிலின், மேனோஸ் ஏற்பி, சி.டி.32பி ஆகிய மேற்பரப்பு ஏற்பிகளின் துணையோடு உள்வாங்கி அகற்றும் வேலையைப் பெரும்பாலும் இந்த உட்சுவர் செல்களே செய்கின்றன. சில பாக்டீரியாக்களின் புறச்சுவரிலுள்ள நச்சான எண்டோடாக்சினை உணரும் டி.எல்.ஆர்.4 ஏற்பியும் இவற்றிடம் உண்டு. எண்டோடாக்சின் ஏற்றப்பட்ட சுண்டெலிகளின் சைனுசாய்டுகளில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் சிக்கிக்கொள்வதற்கு, அந்த வெள்ளணுக்களின் சி.டி.44 மூலக்கூறு இந்தச் சுவரிலுள்ள ஹயலுரோனன் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொள்வதே முக்கியக் காரணம் என்று 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பிடிப்பைத் தட்டில் மீண்டும் காண்பதுதான் எங்கள் நோக்கம்.

செல்களின் தரத்தைப் பொறுத்தவரை முதல் நாளில் குறை சொல்ல ஏதுமில்லை. 37 டிகிரி நீர்த்தொட்டியில் குப்பியை அசைத்து, அரிசியளவு பனிக்கட்டி மிஞ்சும்போதே எடுத்து, கொலாஜன் பூசிய தட்டில் இட்டால், அன்று மாலைக்குள் நன்றாகப் பரவி ஒட்டிக்கொள்கின்றன. ஒளிரும் சாயம் சேர்த்த, ஃபார்மால்டிஹைடால் பதப்படுத்திய ஆல்புமினைக் கொடுத்தபோது அரை மணி நேரத்தில் செல்களுக்குள் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தது. மறுநாள் ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தோம். இடியாப்ப அச்சின் அடித்தட்டைப் போல் இந்தச் செல்களின் அடையாளமான துளைகள் கொத்துக்கொத்தாக. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் தெளிவாகப் பிரிந்து தெரியாத அளவுக்குச் சிறியவை அவை.

மூன்றாம் நாள் அந்தத் துளைகள் அரிதாகிவிட்டன. இதை விற்பனையாளரின் தவறு என்று சொல்ல முடியாது. கல்லீரலை விட்டு வெளியே வந்த இந்தச் செல்கள் இரண்டு மூன்று நாள்களில் தம் தனித்தன்மையை இழப்பது துறையில் எல்லோரும் அறிந்ததே. ஆனால் உடன் வரும் கையேட்டில் 'ஏழு நாள்வரை பயன்படுத்தலாம்' என்று அச்சிட்டிருப்பதை ஏற்க இயலாது. ஏழாம் நாளில் தட்டில் உயிரோடு இருப்பது வேறு எந்த ரத்தக்குழாயின் செல்லாகவும் இருக்கலாம்.

தூய்மைச் சான்றிதழ்தான் என் முதன்மையான மனக்குறை. அதில் காட்டப்பட்டிருப்பது சி.டி.31 என்ற மேற்பரப்புப் புரதம் மட்டுமே, அது எல்லா ரத்தக்குழாய் உட்சுவர் செல்களிலும் இருப்பதால், இவை சைனுசாய்டைச் சேர்ந்தவை என்பதற்கு அது சாட்சியாகாது. இரண்டாம் குப்பியில் எண்டோடாக்சின் சேர்த்தவுடன் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் எதிர்பாராத அளவுக்கு எகிறியது. சந்தேகப்பட்டு ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக எண்ணி வகைபிரிக்கும் முறை) பார்த்தபோது எஃப்4/80 என்ற அடையாளப் புரதம் கொண்ட செல்கள், அதாவது குப்ஃபர் செல்கள், தனிக் கூட்டமாகத் தெரிந்தன. அவை சிறிதளவே கலந்திருந்தாலும் போதும், அழற்சிச் சோதனையின் முடிவு வேறொருவருடையதாகிவிடும். அந்த மாதத் தரவு முழுவதையும் ஒதுக்கிவைத்தோம்.

இன்னொன்றும் உண்டு. கல்லீரலைக் கரைக்கப் பயன்படும் கொலாஜனேஸ் நொதியிலேயே எண்டோடாக்சின் கலந்திருக்கக்கூடும். அதை ஒருமுறை சந்தித்த செல்கள் மறுமுறை மந்தமாகவே எதிர்வினை காட்டும் என்பதால், எந்தத் தர நொதியைப் பயன்படுத்தினார்கள் என்று எழுதிக் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்த பதில்: 'ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்.' கேள்வியை யாரேனும் படித்தார்களா என்றே தெரியவில்லை.

கையேடு பரிந்துரைக்கும் சீரமற்ற மீடியமும் (செல்களை வளர்க்கும் திரவம்) எங்களுக்குப் பொருந்தவில்லை. ஹயலுரோனன் பிடிப்பு வலுப்பெறுவதில் ரத்தச் சீரப் புரதம் ஒன்றுக்கும் பங்கு இருப்பதால், சுண்டெலிச் சீரத்தை நாங்களே சேர்த்துக்கொண்டோம்.

முதல் 24 மணி நேரத்துக்குள் முடியும் உள்வாங்கல் சோதனைக்கும் நியூட்ரோஃபில் ஒட்டுதல் சோதனைக்கும் தயங்காமல் வாங்கலாம். நாள்கணக்கில் எண்டோடாக்சின் கொடுத்துச் சகிப்புத்தன்மையை அளக்க விரும்புவோர், விலங்குக்கூட வசதி இருந்தால், சி.டி.146 என்ற மேற்பரப்புப் புரதத்தைப் பற்றும் காந்தமணிகளைக் கொண்டு தாங்களே புதிதாகப் பிரித்தெடுப்பது நல்லது. நான்காவது குப்பிக்கான ஆர்டரை, அந்தத் தொகுதியின் ஸ்டாபிலின்-2, எஃப்4/80 முடிவுகளை அவர்கள் அனுப்பும்வரை நிறுத்திவைத்திருக்கிறோம்.